கையடக்க ஒலிக்கருவிகளும் பார்வை குறைந்தோரும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுக் கூட்டத்தில் இமாம் எழுந்தால் எதைப் பற்றிப் பேசுவார் என்பது உங்களுக்கு மனப்பாடம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது எம்.பி.3 பிளேயர் என்னும் சின்னஞ்சிறு ஒலிக்கருவியைப் பற்றியது. பின்வரிசையில் சிலர் முறுவலிப்பது தெரிகிறது. முறுவலிக்கட்டும். நாம் செய்த ஒரு பிழையை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு இந்தக் கருவியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளானில், நம் மஹல்லாவின் முதியோர்க்குத் திருக்குர்ஆன் கிராஅத்தும் தமிழ்த் தர்ஜமாவும் பதிந்த கையடக்க ஒலிக்கருவிகளை அன்பளிப்பாக வழங்கினோம். கடையில் பார்த்துத் தேர்ந்தவர்கள் நாமும் இரு நிர்வாகிகளும்தாம். தீப்பெட்டியினும் சற்றே பெரியது. பளபளக்கும் கறுப்பு நிறம். முகப்பில் கட்டைவிரல் அகலத்திற்கு ஒரு திரை. விலையும் பையைக் கடிக்கவில்லை. மிக்க மகிழ்ச்சியோடு வாங்கி வந்து, பையில் போட்டு, வீடு வீடாகக் கொடுத்தோம்.

நான்கு திங்கள் கழிந்து, ஒரு பெரியவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தோம். நாற்பது ஆண்டுகள் ஜவுளிக் கடையில் கணக்கெழுதியவர். சர்க்கரை நோய் அவருடைய விழித்திரையைப் பழுதாக்கிவிட்டது. அறவே பார்வையற்றவர் அல்லர். வாசலில் நிற்பது ஆள் என்று தெரியும், யார் என்று தெரியாது. கொடுத்த கருவி எங்கே என்று கேட்டோம். அலமாரியிலிருந்து எடுத்து வரச் சொன்னார். வந்தது பெட்டியோடு வந்தது.

"அஜரத், நல்ல சாமான்தான். ஆனா எந்தப் பொத்தானை அமுக்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியல. ஒருநாள் விரல் பட்டு ஓதல் நின்னுபோச்சு. பேரன் பள்ளிக்கூடம் விட்டு வர்ற வரைக்கும் அப்படியே கையில வெச்சிருந்தேன்" என்றார்.

நாம் கண்களை மூடிக்கொண்டு அந்தக் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தோம். எது முன்புறம், எது பின்புறம் என்றே விளங்கவில்லை. ஐந்து பொத்தான்கள் ஒரே வரிசையில், ஒரே அளவில், மேடு பள்ளமின்றி இருந்தன. கடையில் நாம் அதை இயக்கிப் பார்த்தது உண்மை. ஆனால் கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு இயக்கிப் பார்த்தோம்.

சகோதரர்களே! பார்வைக் குறைவு என்பது வேறு, பார்வையின்மை என்பது வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்விரண்டையும் தனித்தனியே வரையறுக்கிறது. நலமான கண் 18 மீட்டர் தொலைவில் காண்பதைக் காண்பதற்கு, கண்ணாடி அணிந்த பின்னும் 6 மீட்டர் நெருங்கி வர வேண்டியிருந்தால், அங்கே குறைபார்வை தொடங்குகிறது. இது ஓர் அளவுகோல்தான். பார்வை குறையும் விதமோ நோய்க்கு நோய் வேறுபடும். கண்புரை உள்ளவர்க்குப் புகை படிந்த கண்ணாடி வழியே பார்ப்பது போலிருக்கும். வெளிச்சம் பட்டால் கூசும். கிளாக்கோமாவில் ஓரங்கள் மறையும். நடுவில் மட்டும் ஒரு குழாய் வழியே பார்ப்பது போல எஞ்சும். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவர்க்கு இதற்கு நேர் மாறு: ஓரம் தெரியும், உற்று நோக்கும் இடமே மறைந்து போகும். சர்க்கரை நோயில் ஆங்காங்கே திட்டுத் திட்டாக மறையும்.

இப்பொழுது அந்தக் கட்டைவிரல் திரையை இவர்களுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பின்னணியில் அதனினும் சற்றே கருத்த எழுத்துகள். பெயர் நீளமாக இருந்தால் எழுத்து ஓடத் தொடங்கும். ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் அடுத்த சொல் வந்துவிடும். பூதக்கண்ணாடியை எடுத்து வந்து வைத்தால், பத்து நொடியில் திரையின் விளக்கு அணைந்துவிடும். விளக்கை எழுப்ப ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அந்தப் பொத்தான் எது என்பதே கேள்வி.

ஒரு நிர்வாகி அன்று நம்மிடம் கேட்டார்: "வீட்டில் பேரன் இருக்கிறான், மருமகள் இருக்கிறார், ஒரு பொத்தானை அமுக்கிக் கொடுத்தால் முடிந்தது, இதைப் பெரிதுபடுத்த வேண்டுமா?" நல்லெண்ணத்தோடு கேட்டார். அந்தப் பெரியவர் ஓதலைக் கேட்க விரும்பியதோ தஹஜ்ஜுத் நேரத்தில். அந்நேரம் யாரை எழுப்புவது? எழுப்பினால் வருவார்கள், ஐயமில்லை. மூன்றாம் நாள் எழுப்புவதற்கு அவருக்கே கூச்சமாகிவிடும். நான்காம் நாள் கருவி அலமாரிக்குப் போய்விடும். போயிற்று.

இதைவிட நம்மைச் சிந்திக்க வைத்தது மற்றொன்று. அதே வீட்டில் பழைய டேப் ரிக்கார்டர் ஒன்று இருந்தது. அதன் பெல்ட் அறுந்து போகும் வரை, அவர் அதில் யாருடைய துணையுமின்றிக் கேட்டு வந்திருக்கிறார். கண் மங்கிய பின்னும்! பழைய பொருள் பயன்பட்டது, புதிய பொருள் பயன்படவில்லை, இது எப்படி?

கேசட்டை எண்ணிப் பாருங்கள். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அதனை வெளியிட்ட காலத்தில், பார்வை குறைந்தோரை மனத்திற்கொண்டு அதைச் செய்ததாகச் சொல்ல முடியாது. ஆயினும் அது அவர்களுக்கு இணக்கமாக அமைந்தது. பிளே பொத்தானை அமுக்கினால் அது கீழே இறங்கி அங்கேயே நிற்கும். விரலால் தடவினாலே கருவி ஓடுகிறதா நிற்கிறதா என்பது விளங்கிவிடும். பின்னோக்கிச் சுற்றும் ஓசை காதுக்குத் தெரியும். நாடா எந்தப் பக்கம் கனத்திருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்தே எவ்வளவு ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். எல்லாவற்றிலும் மேலாக, நேற்று நிறுத்திய இடத்திலேயே இன்று தொடங்கும். எந்தப் பொறியாளரும் தனியே அமைத்துக் கொடுத்த வசதியன்று அது, நாடாவின் இயல்பு.

எம்.பி.3 கருவிகள் பலவற்றில் இந்த இயல்புகள் யாவும் போய்விட்டன. மலிவான கருவி அணைத்து எழுப்பினால் முதல் கோப்பிலிருந்தே தொடங்கும். திருக்குர்ஆனில் 114 அத்தியாயங்கள். யாஸீன் 36ஆவது. முதலாவதிலிருந்து அதை அடைய ஒரு பொத்தானை 35 முறை அமுக்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் மீண்டும் அடியிலிருந்து. ஓதல் என்றால் தொடக்கத்தைக் கேட்டே எந்த அத்தியாயம் என்று அறிந்துகொள்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. தர்ஜமாவையும் பயான்களையும் அவ்வாறு அறிந்துகொள்ள இயலுமா?

வியப்பு என்னவென்றால், ஒலிப்பதிவு என்னும் கலை பிறந்த நாள் முதற்கொண்டே பார்வையற்றோரை முன்னிட்டுப் பேசப்பட்ட ஒன்றாகும். 1877இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டு எழுதியபொழுது, பார்வையற்றோர்க்கான பேசும் நூல்களையும் அதில் சேர்த்திருந்தார். அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டு அத்தகைய நூல்கள் இசைத்தட்டு வடிவில் பார்வையற்றோர்க்கு வழங்கப்படலாயின. அதே 1934, மே 31ஆம் நாள் கெய்ரோவில் எகிப்திய வானொலி தொடங்கியபோது அதனைத் திருக்குர்ஆன் ஓதித் தொடங்கி வைத்தவர் ஷைகு முஹம்மது ரிஃபஅத் (1882-1950) அவர்கள். மழலைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர். பார்வையற்ற ஒருவருடைய குரல்தான் அந்நாட்டு வானொலியின் முதற்குரல். ஓதுவதற்குக் கண் தேவைப்படவில்லை, கேட்பதற்கும் தேவைப்படாது. இடையிலிருக்கும் பெட்டியை இயக்குவதற்கு மட்டும் கண் வேண்டும் என்று ஆக்கியவர் யார்?

பொத்தானுக்குப் பதில் திரை என்னும் போக்கு 2001ஆம் ஆண்டு ஐபாட் வெளிவந்த பின் வேகம் பிடித்தது. ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பையில் வைக்கலாம் என்பது அதன் பெருமை. ஆயிரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் திரையைப் பார்க்க வேண்டும் என்பது அதன் மறுபக்கம். பார்வையற்ற இளைஞர்கள் சக்கரத்தின் 'டிக் டிக்' ஒலியை எண்ணி எண்ணி, மெனுவை மனப்பாடம் செய்து பயன்படுத்தினார்கள். ஹிஃப்ளு செய்வது போலத்தான்! நினைவாற்றல் மிக்கவர்க்கு அது இயலும். எழுபது வயதுக்காரருக்கு எப்படி இயலும்?

இந்நிலையை முதலில் மாற்றியவர்கள் பெரிய நிறுவனத்தார் அல்லர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ராக்பாக்ஸ் என்றொரு மென்பொருள். 2001இல் சில தன்னார்வலர்கள் ஆர்க்கோஸ் என்னும் கருவிக்காக எழுதத் தொடங்கியது. பின்னர் பழைய ஐபாட்கள், சான்சா முதலிய பல கருவிகளுக்கும் விரிந்தது. கருவியில் நிறுவனம் வைத்த மென்பொருளுக்குப் பதிலாக இதனை நிறுவினால், கருவி பேசத் தொடங்கும். மெனுவில் நிற்கும் இடத்தைச் சொல்லும். கோப்புறையின் பெயரைச் சொல்லும். விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு காசும் கட்டணமில்லை. ஆயிரக்கணக்கில் விலை வாங்கியவர்கள் செய்யாததை, கூலி வாங்காதவர்கள் செய்து கொடுத்தார்கள். ஆனால் அதை நிறுவித் தருவதற்குக் கணினி அறிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பின்னாளில் வந்த சில கருவிகள் வேறு மென்பொருளை ஏற்காதவாறு பூட்டப்பட்டும் விட்டன.

நிறுவனங்கள் 2008இல் விழித்தன. அவ்வாண்டு வெளிவந்த நான்காம் தலைமுறை ஐபாட் நானோவில் மெனுவைப் பேச வைக்கும் வசதி சேர்ந்தது. ஐபாட் ஷஃபிள் என்றொரு சிறு கருவி. 2005இல் வெளிவந்தபொழுதே அதற்குத் திரை கிடையாது. திரையில்லாமையே பார்வை குறைந்தோர்க்கு நன்மையாயிற்று: வட்டத்தின் நடுவில் ஒரு பொத்தான், சுற்றிலும் நான்கு திசை, விரல் உடனே கற்றுக்கொள்ளும். 2009இல் அதைப் பேசவும் வைத்தார்கள். ஆனால் அதே கருவியிலிருந்து பொத்தான்களை அகற்றி இயர்ஃபோன் கம்பிக்கு மாற்றினார்கள்! ஒருமுறை அமுக்கினால் நிற்கும், இருமுறை அமுக்கினால் அடுத்தது, மும்முறை அமுக்கினால் முந்தையது. விரல் நடுங்குவோர்க்கு இது சோதனைதான். மக்கள் விரும்பவில்லை போலும். 2010இல் பொத்தான்கள் திரும்பி வந்தன, பேச்சும் நிலைத்தது. 2009இல் அது பேசிய மொழிகள் 14. அவற்றில் துருக்கியும் கிரேக்கமும் இருந்தன. தமிழும் இல்லை, அரபியும் இல்லை. 2017இல் அக்கருவியின் விற்பனை நிறுத்தப்பட்டது. 2022இல் ஐபாட் வரிசையே முடிவுக்கு வந்தது.

பார்வையற்றோர்க்கென்றே தனியாகச் செய்த கருவிகளும் உண்டு. டெய்சி எனப்படும் பேசும் நூல் முறைக்கான கூட்டமைப்பு 1996இல் அமைந்தது. அம்முறையில் அமைந்த நூலில் அத்தியாயம் அத்தியாயமாக, பக்கம் பக்கமாகத் தாவலாம். அடையாளம் வைத்துத் திரும்பலாம். 2007இல் வந்த விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் இதற்கான கையடக்கக் கருவி. பழைய கைபேசி போல எண் பொத்தான்கள், 5இன் மேல் தடவினால் தெரியும் ஒரு புள்ளி. 2009 முதல் அமெரிக்க அரசின் பேசும் நூலகம் வழங்கிய கருவியைப் பற்றி அறிந்தபோது நமக்கு வெட்கமே உண்டாயிற்று. பெரிய பெரிய பொத்தான்கள், வடிவத்தில் வேறுபட்டவை. நூல் ஓடாத வேளையில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அது தன் பெயரையும் வேலையையும் சொல்லும். தவறாக அமுக்கிவிடுவோமோ என்னும் அச்சமே தேவையில்லை. நம் பெரியவரைத் தடுத்தது அந்த அச்சம்தானே!

இத்தகைய தனிக் கருவிகள் சாதாரணக் கருவியினும் பன்மடங்கு விலை கூடியவை. இன்னொரு தடையும் இருக்கிறது. ஓரளவு பார்வை எஞ்சியவர்கள், 'இது பார்வையற்றோர் கருவி' என்று தொடத் தயங்குகிறார்கள். எஞ்சிய பார்வையைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அவர்களுக்குப் பெரிய எழுத்து வேண்டும், கறுப்பின் மேல் வெள்ளை போன்ற தெளிவான நிற வேறுபாடு வேண்டும், கூசாத வெளிச்சம் வேண்டும். கண் களைத்த வேளையில் பேச்சும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டும் என்பதே சரி.

அவ்வாறு இரண்டையும் சேர்த்துத் தருவது இன்றைய கைபேசி. 2009இல் ஐஃபோனில் வாய்ஸ்ஓவரும், அதே ஆண்டு ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் வந்தன. விரல் தொட்ட இடத்தைக் கைபேசி வாய்விட்டுச் சொல்லும். இருமுறை தட்டினால் திறக்கும். எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம். தமிழில் பேசும் குரல்களும் கிடைக்கின்றன. நம் இளைஞர்கள் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்னும் பகுதியைத் திறந்து பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டும். ஆயினும் கைபேசி வந்துவிட்டதால் பிரச்சினை தீர்ந்தது என்று நாம் கருதவில்லை. வழுவழுப்பான கண்ணாடியில் விரலுக்கு அடையாளம் ஏதுமில்லை. செயலியை எழுதியவர் பொத்தானுக்குப் பெயர் இட மறந்திருந்தால், பேசும் குரல் வெறுமனே 'பட்டன்' என்று மட்டும் சொல்லும். எந்தப் பட்டன்? ஓதல் நடுவே அழைப்பு மணி வேறு ஒலிக்கும். முதியவர்க்கு ஒரு வேலை செய்யும் கருவி, பத்து வேலை செய்யும் கருவியினும் மேலானது என்பது நம் கருத்து.

சட்டமும் இதில் வாய் திறந்திருக்கிறது. நாம் முன்னர்க் கூறிய 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, அன்றாடப் பயன்பாட்டு மின்னணுப் பொருள்கள் எல்லோரும் பயன்படுத்தத்தக்க வடிவில் கிடைப்பதற்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. நூல்களைப் பார்வையற்றோர்க்கு ஏற்ற வடிவில் மாற்ற 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம் இடம் தந்தது. 2013இல் மராக்கேஷ் நகரில் உருவான இதே நோக்கமுள்ள பன்னாட்டு உடன்படிக்கையை 2014இல் முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடு நம் இந்தியா. கடைத்தெருவுக்கு இவையெல்லாம் வந்து சேரும் வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

அந்தப் பெரியவரின் கருவிக்கு என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பிளே பொத்தானின் மேல் நகப்பூச்சை ஒரு துளி வைத்துக் காய விட்டு, அதன் மேல் இன்னொரு துளி வைத்தோம். கெட்டியாகி மேடாக நின்றது. நகப்பூச்சை இமாம் கடையில் கேட்டு வாங்கியதைக் கண்டு கடைக்காரர் திகைத்தார். நகத்தில் இருந்தால்தான் ஒளூவுக்குத் தடை, பொத்தானில் இருந்தால் தடையில்லை என்று சொல்லி வந்தோம். வெள்ளைத் துணிப்பட்டை ஒன்றைக் கறுப்புக் கருவியின் பின்புறம் ஒட்டினோம். முன்பின் தெரிந்தது, மேசையில் வைத்தாலும் கண்ணுக்குப் பட்டது.

பிறகு மெமரி கார்டைக் கழற்றி மதரஸா மாணவர்களிடம் கொடுத்தோம். 114 கோப்புகளையும் 30 ஜுஸ்உகளாக, முப்பது கோப்புறைகளாகப் பிரித்தார்கள். அக்கருவியில் பொத்தானை நீள அமுக்கினால் அடுத்த கோப்புறைக்குத் தாவும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு மாணவரின் குரலில், எந்த ஜுஸ்உ, எந்த அத்தியாயம் என்பதைத் தமிழில் பதிந்து சேர்த்தார்கள். யாஸீனைத் தனியே எடுத்து முதல் கோப்பாக வைத்தார்கள். அணைத்து எழுப்பினால் முதலில் வருவது அதுவே. கருவியின் குறையையே அவருக்கு வசதியாக்கிய அந்த யோசனை பன்னிரண்டு வயதுச் சிறுவனுடையது, நம்முடையதன்று. இயர்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைக்கச் சொன்னோம்; கண் மங்கியவர்க்கு வழியையும் வருவோரையும் சொல்வது மற்றைக் காது.

இப்பொழுது அவர் யாரையும் எழுப்புவதில்லை. தர்ஜமாவைக் கேட்டுவிட்டு, ஃபஜ்ருக்கு வரும்பொழுது நம்மிடம் ஐயம் கேட்கிறார். சில வினாக்களுக்கு நூலைப் புரட்டிய பின்னரே நம்மால் விடை சொல்ல முடிகிறது.

அந்த ஆண்டு நாம் கொடுத்த கருவிகளில் எத்தனை இன்னும் அலமாரியில் உறங்குகின்றனவோ, அவற்றை உடையவர்களின் மக்களே இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். இன்று வீட்டிற்குச் சென்றதும் தேடி எடுங்கள். வருகின்ற வெள்ளி முதல் இஷாத் தொழுகைக்குப் பின் மதரஸாக் கூடத்தில் மாணவர்கள் இருப்பார்கள். கருவியையும் அதன் சார்ஜரையும் கொண்டு வாருங்கள். இயன்றால் கேட்கப் போகிறவரையும் கூடவே அழைத்து வாருங்கள். துளியை எந்தப் பொத்தானில் வைக்க வேண்டும், எதை முதல் கோப்பாக வைக்க வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். இவ்வாண்டு அன்பளிப்புக்கென நிதி ஒதுக்கியிருக்கும் நிர்வாகக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள்: வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கருவியை வாங்கி அந்தப் பெரியவரிடம் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து அவர் சொல்வதைக் கேட்டு, மீதியை வாங்குங்கள். அவரிடம் நாம் பேசிவிட்டோம், சம்மதித்திருக்கிறார்.